எல்லா வண்டியும் ஓடுகிற ஊர்

நகரப் போக்குவரத்துக் கழகத்தின் நோக்கம், பொதுமக்களை அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து அவர்கள் போக விரும்பும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. இந்த வாசகம் தலைமை அலுவலக வாசலில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லில் பொறித்துவிட்டதால் அதை மாற்ற முடியவில்லை. மற்றபடி அந்த வாசகத்தின்மேல் கழகத்துக்கு எந்த விரோதமும் கிடையாது.

மேற்படி நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டு, மூன்றாவது மாடியில் திட்டப் பிரிவு என்று ஒன்று இயங்கிவந்தது. எந்தப் பேருந்து எப்போது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தப் பிரிவின் வேலை. அதன் திட்ட அலுவலர் வேலையில் சேர்ந்த புதிதிலேயே மிக நல்ல திட்டம் ஒன்றைப் போட்டு முடித்துவிட்டார். பேருந்துகள் அதன்படி ஓடவில்லை. யாரும் பின்பற்றாத திட்டத்தில் பிழை இருக்க வாய்ப்பில்லை, ஆகவே திருத்த வேண்டிய அவசியமும் இல்லை என்று மேலிடம் கருதியது. அன்றோடு அவருக்கு வேலை தீர்ந்தது. சம்பளம் மட்டும் தீரவில்லை.

அவர் சோம்பேறி அல்ல. சும்மா இருக்கத் தெரியாத மனிதர். பேருந்து என்றால் அவருக்கு உயிர். அவருடைய அறைச் சுவரில் நகரத்தின் வரைபடம் ஒன்று கூரையிலிருந்து தரைவரை தொங்கும். யார் எதைக் கேட்டாலும் எழுந்துபோய் அதில் விரலை வைத்துத்தான் பதில் சொல்வார். "கேன்டீன் திறந்தாச்சா சார்?" என்று கேட்டால்கூட விரல் வரைபடத்துக்குத்தான் போகும். அதனால் அலுவலகம் முழுக்க அவருக்கு ‘மேப்பு’ என்று பெயர். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அப்பேர்ப்பட்டவர் ஓடாத பேருந்துகளை நினைத்துக்கொண்டு எத்தனை காலம்தான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? கல்லூரி நாட்களில் விளையாடிய பழைய கணினி விளையாட்டு ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். போக்குவரத்துக் கம்பெனி நடத்துகிற விளையாட்டு. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாற்போல் திரையில் ஒரு நாடு விரியும். தீப்பெட்டி வீடுகள், குட்டிக் குட்டி மரங்கள், நிலக்கரிச் சுரங்கம், தொழிற்சாலை, ஒரு மூலையில் கடல். நாம்தான் முதலாளி. சாலை போடலாம், தண்டவாளம் போடலாம், நிறுத்தம் கட்டலாம், வண்டி வாங்கி விடலாம். வண்டி ஊர்போய்ச் சேர்ந்ததும் அதன் தலைக்கு மேல் பச்சை நிறத்தில் வருமானம் மிதந்து எழும்பி மறையும். பார்க்கப் பார்க்க மனசு குளிரும்.

காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் மாலைவரை மேப்பு அந்த நாட்டில்தான் குடியிருந்தார். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. திட்டப் பிரிவு பொதுமக்களுக்கு மிகப் பெரிய நன்மை செய்த காலம் அதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

அப்போது கழகத்துக்குப் புது இயக்குநர் வந்து சேர்ந்தார்.

அவர் இதற்கு முன் மீன்வளத் துறையைச் சீர்திருத்தியவர். இப்போது அந்தத் துறையில் கோப்புகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, மீன்தான் இல்லை. ‘சீர்திருத்தம்’ என்ற சொல் இல்லாமல் அவரால் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. ஆகவே அவர் வந்த வாரமே ஊழியர்கள் அவருக்குச் ‘சீர்திருத்தம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் மதியம் அவர் கதவைத் தட்டாமல் திட்டப் பிரிவுக்குள் நுழைந்தார். மேப்பு அப்போது ஓர் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தார். திடுக்கிட்டு விளையாட்டை மூடப் பார்த்தார். பதற்றத்தில் மவுஸ் கைநழுவி மேசைக்குக் கீழே போய்த் தொங்கியது.

"என்னய்யா இது?" என்றபடி இயக்குநர் திரையருகே குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எல்லா வண்டியும் ஓடுதே!"

"ஆமா சார்."

"ஒண்ணுகூட டிப்போவுல நிக்கலையே?"

"நிக்கல சார்."

"பச்சையா என்னமோ பறக்குதே, அது என்ன?"

"லாபம் சார்."

இயக்குநர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சொல்லை அவர் கேள்விப்பட்டிருந்தாரே தவிர, தன் பணிக்காலத்தில் கண்ணால் கண்டதில்லை.

"இது எந்த ஊரு?"

‘விளையாட்டு சார்’ என்று அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். மேப்புவுக்கு நாக்கு புரண்டுவிட்டது.

"நம்ம ஊர்தான் சார். அதாவது... நம்ம ஊர் எப்படி இருக்கணும்ங்கிறதுக்கு ஒரு முன்மாதிரி."

இயக்குநர் எழுந்து அவர் தோளில் கையை வைத்தார்.

"இப்படி ஒரு சீர்திருத்தத்தை மூணாவது மாடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு வாயைத் திறக்காம இருந்திருக்கியேப்பா!"

அந்தச் சமயத்தில் ஊரில் எல்லாத் துறைகளையும் மெய்ந்நிகர் மோகம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. குடிநீர் வாரியம் மெய்ந்நிகர்க் குழாய் ஒன்றைத் திறந்துவைத்திருந்தது. அதில் தண்ணீர் நல்ல வேகமாக வந்தது. போக்குவரத்துக் கழகம் மட்டும் பின்தங்கியிருப்பதா? மேப்புவின் அறைக்குக் குளிர்சாதனம் வந்தது. ஆளுயரத் திரை வந்தது. ‘ஒருங்கிணைந்த மெய்ந்நிகர்ப் போக்குவரத்து முன்மாதிரி மேலாண்மை மையம்’ என்று பெயர்ப்பலகை வந்தது. கதவுக்கு மேல் இடம் போதாமல் கடைசி இரண்டு சொற்கள் பக்கத்துக் கழிப்பறைச் சுவர்மேல் போய் நின்றன. அன்றுமுதல் அந்தக் கழிப்பறை மேலாண்மை மையம் ஆயிற்று.

மையம் வந்தால் ஆலோசகர் வராமல் இருப்பாரா? வெள்ளை நிறக் கான்வாஸ் ஷூவும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஓர் அம்மையார் வந்தார். கையோடு கலர்கலராக ஒட்டுச் சீட்டுகள் கொண்டுவந்திருந்தார். ஒரு வாரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவர் வரைபடம் முழுவதையும் சீட்டுகளால் மூடிவிட்டு, இயக்குநரைக் கூப்பிட்டார்.

"ஒரு விஷயம் கவனிச்சீங்களா சார்? இதுல வர்ற பயணி யாருமே, ‘நான் இந்த இடத்துக்குப் போகணும்’னு சொல்றதில்லை. வண்டி வருது, ஏறுறாங்க. எங்க நிறுத்துறோமோ அங்க இறங்குறாங்க. எவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டுப் போறோமோ அவ்வளவு லாபம்."

"அட!"

"சேருமிடம்ங்கிறதே ஒரு பழங்காலக் கருத்து சார். நாமதான் பலகையில எழுதித் தொங்கவிட்டு, ஜனங்க மனசுல இல்லாத ஆசையைக் கிளப்பிவிட்டிருக்கோம்."

"மேடம், அது அந்த ப்ரோகிராம் எழுதினவங்க அப்படி..." என்று இழுத்தார் மேப்பு.

"பார்த்தீங்களா? கண்டுபிடிச்சவருக்கே தன் கண்டுபிடிப்போட ஆழம் தெரியலை," என்றார் ஆலோசகர்.

"அடக்கம்!" என்று கண்களை மூடிக்கொண்டு தலையாட்டினார் இயக்குநர்.

ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த குட்டித் தடங்கள் அனைத்தும் பொதுமக்களின் நலன் கருதி ரத்துசெய்யப்பட்டன. ஒவ்வொரு பேருந்தும் அது புறப்படும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவுக்குப் போக முடியுமோ அவ்வளவு தொலைவுக்கு, நடுவில் யாரையும் இறக்கிவிடாமல் போக வேண்டும் என்று ஆணை பிறந்தது.

மேப்புவின் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். மறுநாள் காலை வழக்கமான நிறுத்தத்தில் வழக்கமான பேருந்தில் ஏறினாள். அது ஆஸ்பத்திரி வாசலைக் கண்டும் காணாததுபோல் கடந்தது.

"கண்டக்டர்! ஆஸ்பத்திரி தாண்டிப் போகுது. நிறுத்தச் சொல்லுங்க!"

"அதெல்லாம் பழைய கருத்து சிஸ்டர். இப்ப நாங்க எங்க நிறுத்துறோமோ அதுதான் உங்க இடம்."

"சரி, எங்கதான் நிறுத்துவீங்க?"

"கல்குவாரி. நல்லா காத்து வரும்."

கல்குவாரியில் எல்லாரையும் இறக்கிவிட்டுப் பேருந்து திரும்பியது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு டெய்லர், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பம், காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்த ஒரு பெரியவர் என்று ஒரு கூட்டமே வெடிவைத்துப் பிளந்த பாறைகளுக்கு நடுவே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றது. கண்டக்டர் சொன்னது பொய்யில்லை, காற்று நன்றாகத்தான் வந்தது. பெரியவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, "இவ்வளவு தூரம் வந்தும் காய்ச்சல் விடலையேம்மா," என்றார். அவள் அங்கேயே அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கருங்கல் ஏற்றிய லாரி ஒன்றை வழிமறித்து அவரை முன்னால் ஏற்றிவிட்டு, தான் பின்னால் கல்மேல் உட்கார்ந்துகொண்டு, உடம்பெல்லாம் தூசியாக வார்டுக்கு வந்து சேர்ந்தாள். இரவு முழுக்கக் கண்விழித்த நர்ஸ் அவளுக்காக வீட்டுக்குப் போகாமல் காத்துக்கொண்டிருந்தாள். மேட்ரன் ஒரு மெமோவோடு காத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வீட்டில் மேப்பு வழக்கத்துக்கு விரோதமாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, யாருங்க இந்தத் திட்டத்தைப் போட்டது?"

"மேலிடம்."

"அந்த மேலிடம் மட்டும் என் கையில மாட்டினான்னா, இருக்கிறதுலேயே பெரிய ஊசியா எடுத்து..."

"நீ முதல்ல சாப்பிடு. ஆறிடப்போகுது," என்றார் மேப்பு, முதுகைத் திருப்பாமலேயே.

அவருக்குச் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. மறுநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லணும். அது முன்மாதிரி இல்ல. வெறும் விளையாட்டு."

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உனக்கு அது விளையாட்டுதாம்பா. திறமைசாலிக்கு எதுதான் விளையாட்டு இல்லை? எங்களுக்குத்தான் வேலைன்னாலே கஷ்டமா இருக்கு. போ, போய் விளையாடு!"

புலிவாலைப் பிடித்த கதையாகிவிட்டது. விட்டால் கடிக்கும். விடாவிட்டால் அது போகிற இடத்துக்கெல்லாம் கூடவே ஓட வேண்டும்.

அந்த விளையாட்டில் பழைய வண்டிகள் அவ்வப்போது பழுதாகும். நடுச்சாலையில் நின்று கொஞ்சம் புகை விடும். பிறகு, ஒன்றும் நடக்காததுபோல் தானாகவே கிளம்பிவிடும். ஆலோசகர் இதையும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பணிமனையின் ஃபோர்மன் வரவழைக்கப்பட்டார். எண்ணெய்க் கறை படிந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் திரையைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா ஃபோர்மன்? வண்டி நின்னா யாரும் போய்த் தொடக் கூடாது. கொஞ்ச நேரம் புகை விட்டுட்டு அதுவே சரியாயிடும். இத்தனை வருஷமா நீங்க அவசரப்பட்டுக் கை வெச்சுக் கெடுத்திருக்கீங்க," என்றார் இயக்குநர்.

ஃபோர்மன் யோசித்தார்.

"சார், புகை விடுற வரைக்கும் நம்ம வண்டியும் இதே மாதிரி கரெக்டாத்தான் செய்யுது. அதுக்கப்புறம் கிளம்பணும்ல, அந்தப் பாதிதான் அதுக்கு வர மாட்டேங்குது."

"பழக்கம் இல்லை, அதான். போகப்போக வந்துடும்," என்றார் இயக்குநர்.

பழகட்டும் என்று விட்டார்கள். ஊரில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஒரு பேருந்து நின்று தானாகக் கிளம்பப் பழகிக்கொண்டிருந்தது.

இதற்குள் ஜனங்கள் நகராட்சித் தலைவியிடம் போய்க் கத்த ஆரம்பித்திருந்தார்கள். அவர் இயக்குநருக்கு ஃபோன் செய்து, "பொண்ணு பார்க்கப் போனவங்கள எல்லாம் கல்குவாரியில கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கீங்க! இனிமே என் எல்லைக்குள்ள உங்களுக்கு ஒரு நிறுத்தம்கூடக் கட்ட அனுமதி கிடையாது!" என்று பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டார்.

இயக்குநர் பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். அறையில் இருந்த மேப்பு, யோசிக்காமல், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்:

"மரம் நட்டா சரியாயிடும் சார்."

விளையாட்டில் அப்படித்தான். நாம் வீட்டை இடித்தாலும் தோப்பை அழித்தாலும் ஊர்க்காரர்கள் முறைத்துக்கொண்டு அனுமதி மறுப்பார்கள். உடனே சுற்றிலும் நாலு மரத்தை நட்டுவிட்டால் எல்லாவற்றையும் மறந்து வாய்கொள்ளாமல் சிரிப்பார்கள்.

வண்டிகளைத் தொடக் கூடாது என்று சும்மா உட்கார்ந்திருந்த மெக்கானிக்குகள் அனைவரும் மண்வெட்டியோடு அனுப்பப்பட்டார்கள். தலைவியின் வீட்டு வாசலில் ஆரம்பித்து நகராட்சி அலுவலகம்வரை இரண்டு பக்கமும் கன்றுகள் நட்டார்கள். மறுநாள் தலைவி புது உடுப்பில் பூவாளியோடு வந்து, பத்திரிகைக்காரர்கள் முன்னால் முதல் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். மாலைக்குள் அனுமதி வந்துவிட்டது. கேட்காத நிறுத்தங்களுக்கும் சேர்த்து வந்திருந்தது.

மேப்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விளையாட்டில் இத்தனை வருஷமாக அவரால் நம்பவே முடியாமல் இருந்த விஷயம் அது ஒன்றுதான்.

அதன்பிறகு வாராவாரம் அந்தக் கன்றுகளைப் பிடுங்கி அதே குழியில் மறுபடி நட்டார்கள். வாராவாரம் தலைவி பூவாளியோடு வந்தார். புகழ் பரவியது. துறை அமைச்சரே மையத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது.

அமைச்சர் வந்த அன்றுதான் மேப்புவின் மனைவியும் வந்தாள். மூன்றாவது மெமோ வாங்கிய கையோடு, டெய்லரையும் பெரியவரையும் இன்னும் ஐம்பது அறுபது பேரையும் திரட்டிக்கொண்டு படியேறி வந்தாள். ‘மேலாண்மை மையம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துக் கூட்டம் முதலில் கழிப்பறைக்குள் புகுந்தது. உள்ளே கோஷம் போட்டுவிட்டு, பதில் வராததால், வெளியே வந்து அடுத்த கதவைத் தள்ளியது.

ஆளுயரத் திரையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அமைச்சர் பச்சை லாபத்தைப் பார்த்து மெய்மறந்து நின்றார். பக்கத்தில் மேப்பு, இஸ்திரி போட்ட சட்டையில், கையில் மவுஸோடு.

அவள் திரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஏங்க... நமக்குக் கல்யாணமான புதுசுல, நான் பேசப் பேசக் காதுலயே வாங்காம ராப்பகலா விளையாடிக்கிட்டிருந்தீங்களே, அந்தச் சனியன்தானே இது?"

யார் முகத்திலும் ஈயாடவில்லை. மேப்புவுக்கு மட்டும், பல் பிடுங்கின பிறகு வருமே, அப்படி ஒரு நிம்மதி வந்தது.

"அதேதான். விளையாட்டுதான்," என்றார் சத்தமாக. "என் வேலை போனாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரி பஸ்ஸை விட்டுடுங்க."

"விளையாட்டா?" என்றார் அமைச்சர்.

இயக்குநர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் ஒட்டுச் சீட்டுகளைப் பார்த்தார். ஆனால் இயக்குநர் மீன்வளத் துறையையே பார்த்தவர். சமாளித்துக்கொண்டுவிட்டார்.

"ஐயா, இது விளையாட்டா இல்லையாங்கிறது ஒரு கொள்கைப் பிரச்சினை. எடுத்தேன் கவிழ்த்தேன்னு சொல்லிட முடியாது. ஒரு குழு போட்டுடலாம்."

"அதான் முறை," என்றார் அமைச்சர், போன உயிர் திரும்பி வந்தவராக.

"குழு போட்டுட்டாங்களாம்!" என்று படிக்கட்டுவரை செய்தி போயிற்று. கூட்டம் வெற்றிக் களிப்போடு கலைந்தது. மேப்புவின் மனைவி மட்டும் நகரவில்லை.

"இந்தக் குழுவெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? அதுல பொதுமக்கள் சார்பா ஒருத்தர் இருக்கணும். நான் இருக்கேன்."

சேர்த்துக்கொண்டார்கள். குழுவில் அமைச்சர், இயக்குநர், ஆலோசகர், பொதுமக்களின் பிரதிநிதியாக நர்ஸ். ஒன்றை விளையாட்டா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளையாடிப் பார்த்தால்தானே தெரியும்? ஆளுக்கொரு கம்ப்யூட்டர் தரப்பட்டது.

முதல் நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். "இது வெறும் விளையாட்டுன்னு அரை மணி நேரத்துல நிரூபிச்சுட்டு வர்றேன் பாருங்க," என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏங்க, நிலக்கரிச் சுரங்கத்துலேர்ந்து மின்நிலையத்துக்கு ஒத்தைத் தண்டவாளம் போதுமா, ரெட்டையாப் போடணுமா?" என்று கேட்டாள்.

"ரெட்டை போடு," என்றார் மேப்பு ஈனஸ்வரத்தில். "ஆனா, எதுக்கு இப்போ..."

அவள் அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தாள். உடம்பு மட்டும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஏதோ பேசினார். அவள் காதில் வாங்கவில்லை. தனக்குக் கல்யாணமான புதிதில் அவள் பட்ட பாட்டை மேப்பு அன்றுதான் புரிந்துகொண்டார்.

குழு பல மாதங்கள் அல்லும்பகலும் ஆராய்ந்தது. அமைச்சர் வேறெந்த நிகழ்ச்சிக்கும் போகவில்லை. இறுதியில் வெளியான அறிக்கை வருமாறு: ‘விளையாட்டு என்று ஒன்று இருந்தால் அதில் தோற்க வாய்ப்பு இருக்க வேண்டும். குழு உறுப்பினர்கள் எவ்வளவு முயன்றும், எத்தனை வண்டிகளை மோதவிட்டும், இதில் யாரும் பதவி இழக்கவில்லை. பணம் தீர்ந்தவுடன் கணினியில் ஓர் எண்ணை மாற்றிவைத்து மீண்டும் பணம் பெற முடிகிறது. தோற்கவே முடியாத ஒன்று விளையாட்டு ஆகாது. அது அரசுத் துறையே என்று இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.’

ஒருமனதாக என்றால் நர்ஸும் சேர்த்துத்தான். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவளுக்கு நேரமில்லை. ரயில் ஒன்று சுரங்கப் பாதைக்குள் சிக்கியிருந்தது. ஆனால் பொதுமக்களை அவள் மறந்துவிட்டாள் என்று யாரும் பழி சொல்ல முடியாது. "இதை நாலு பேர் மட்டும் ஆண்டு அனுபவிக்கிறது அநியாயம். எல்லாருக்கும் கிடைக்கணும்," என்று போராடி ஒரு பரிந்துரையையும் சேர்க்க வைத்தாள். அதன்படி மேற்படி அமைப்பு ஒவ்வொரு குடிமகனின் கைப்பேசிக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. ‘மக்கள் பங்கேற்புப் போக்குவரத்து’ என்று அதற்குப் பெயர்.

அதோடு ஊரே அமைதியாகிவிட்டது. கழகத்தின் புகார்ப் பெட்டியில் எலி குட்டி போட்டது. நிறுத்தங்களில் ஜனங்கள் இருந்தார்கள், ஆனால் சத்தம் இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் கைக்குள் அருமையான பேருந்துச் சேவை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊரிலேயே அந்த விளையாட்டைக் கைகழுவியவர் மேப்பு ஒருவர்தான். அவருக்கு அதைப் பார்த்தாலே குமட்டியது. சுவர் வரைபடத்தில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். ஆஸ்பத்திரித் தடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மண்வெட்டியோடு குழி தோண்டிக்கொண்டிருந்த ஃபோர்மனைத் தேடிப் போனார்.

"ஒரே ஒரு வண்டி. ஆஸ்பத்திரிக்குப் போய் வர்ற மாதிரி. முடியுமா?"

"மேல கேட்க வேண்டாமா சார்?"

கேட்க வேண்டியிருக்கவில்லை. இயக்குநர் கதவைச் சாத்திக்கொண்டு துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார். ஃபோர்மன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தார். மேப்பு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விளக்குப் பிடித்தார், டயர் உருட்டினார், இருக்கைகளைத் துடைத்தார். என்ஜின் இருமி, உறுமி, ஓட ஆரம்பித்தபோது ஃபோர்மனும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் தன் கையால் செய்த முதல் வேலை அது. இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் மனைவி நிற்கும் நிறுத்தத்துக்குப் போய் நின்றார். பேருந்து வந்தது. திட்டத்தில் போட்டிருந்த அதே நேரத்துக்கு வந்தது. கழக வரலாற்றில் அப்படி ஒன்று நடந்ததில்லை. மேப்புவுக்குக் கண் பனித்தது.

யாரும் நிமிரவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார்.

"எவன்டா அவன் காட்டுத்தனமா ஹார்ன் அடிக்கிறது?" என்றார் கல்குவாரிப் பெரியவர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேப்பு மனைவியின் தோளைத் தொட்டார். "பஸ் வந்திருக்கு. ஆஸ்பத்திரி பஸ். ஏறு."

"நீங்களா? கொஞ்சம் இருங்க. இப்ப விட்டா எல்லா ரயிலும் ஒண்ணு பின்னால ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும்."

"வார்டுல தேட மாட்டாங்களா?"

"யாரு தேடறது? மேட்ரனுக்கு விமான நிலையம் திறக்கிற வேலை இருக்கு."

"டாக்டர்?"

"அவர் திவால்."

"குழந்தைங்க?"

"அதுங்கதான் இருக்கிறதுலேயே பெரிய கம்பெனி. படுத்துக்கிட்டே விளையாடுதுங்கல்ல? நேரம் நிறைய." அவள் விரல் நிற்கவில்லை. "மருந்து குடிக்கக்கூட அழறதில்லைங்க இப்பல்லாம்."

பேருந்து காலியாகக் கிளம்பிப் போயிற்று. மேப்பு விடவில்லை. மறுநாளும் அனுப்பினார். அதற்கு மறுநாளும் அனுப்பினார். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் சரியான நேரத்துக்கு வந்து நின்று, ஹார்ன் அடித்து, காத்திருந்து, காலியாகப் போய்க்கொண்டிருந்தது. என்றாவது ஒருநாள் ஒருத்தராவது தலையை நிமிர்த்த மாட்டார்களா என்று அவருக்கு ஒரு நப்பாசை.

அந்த வார இறுதியில், வெகுகாலத்துக்குப் பிறகு, கழகத்துக்குப் பொதுமக்களிடமிருந்து ஒரு மனு வந்தது. நிறுத்தங்களில் நிம்மதியாகக் காத்திருக்க முடியாதபடி ஏதோ ஒரு பேருந்து அடிக்கடி வந்து இடைஞ்சல் செய்வதாகவும், அதன் சத்தத்தால் பல கம்பெனிகள் நஷ்டத்தில் போய்விட்டதாகவும், அதை உடனடியாக நிறுத்த வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார்கள். ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது. முதல் கையெழுத்து மேப்புவுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

அன்று மாலைக்குள் பேருந்து நிறுத்தப்பட்டது. அந்தக் கழகம் தோன்றிய நாள்முதல், பொதுமக்கள் கேட்ட அன்றைக்கே கேட்டபடியே செய்துகொடுத்த ஒரே காரியம் அதுதான்.